கதை எழுத எத்தனை காணம்? தெரியுமா?

ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டி, கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை வழியாக வருசநாட்டுக்குப் பேருந்து ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தேனி மாவட்டத்துச் சட்டமன்றத் தொகுதிகளின் உறுப்பினர்களாக இருந்துகொண்டு மூன்று பேர் தமிழ்நாட்டு முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்! எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டியிலிருந்து. ஜெயலலிதா அதே ஆண்டிபட்டியிலிருந்து. ஓ. பன்னீர்செல்வம் முதல் தடவை பெரியகுளத்திலிருந்து, பிறகு போடியிலிருந்து. மூல வைகை ஊறி வரும் இந்த மலையடிவாரத்துச் சனங்கள் குத்திய முத்திரைக்கு அப்படி ஒரு ராசி.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. இவர்களில் முதல் இருவரைப் பற்றிப் புத்தகங்கள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. ஆனால் "இந்தா, என் காகிதங்கள், என் கடிதங்கள், என் நாட்குறிப்பு, எல்லாவற்றையும் பார், நீ எழுது" என்று ஓர் எழுத்தாளரைக் கூலிக்கோ கொடைக்கோ அமர்த்தி எழுதவைத்த அதிகாரபூர்வ வரலாறு என்று சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை! வெளிநாட்டில் அது ஒரு பெரிய தொழில். இங்கே ஏன் ஆள் வைக்கவில்லை? போட்டோ எடுக்க ஆள் உண்டு, போஸ்டர் ஒட்ட ஆள் உண்டு, வாழ்த்துப்பா எழுத வரிசையில் ஆள் உண்டு. வரலாறு எழுத மட்டும் ஆள் இல்லையா?

1984 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்பாளர் அமெரிக்காவில், நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனைக் கட்டிலில். தொகுதி இங்கே, ஆண்டிபட்டியில். ஒரு நாள்கூட ஓட்டுக் கேட்டு வராமலே எம்.ஜி.ஆர். ஜெயித்தார்! ஆள்தான் வரவில்லையே தவிர படம் வந்தது. மருத்துவமனையில் அவர் உட்கார்ந்திருப்பதையும் சாப்பிடுவதையும் பிடித்த வீடியோ தமிழ்நாடு முழுக்கத் திரையிடப்பட்டது. என்னைக் கேட்டால், தமிழில் வெளிவந்த ஆகச் சிறிய, ஆகச் செலவாணியான அதிகாரபூர்வ வாழ்க்கை வரலாறு அதுதான். ஒரே அத்தியாயம், "உயிரோடு இருக்கிறார்" என்பது.

எழுத்தாளரைக் கூலிக்கு அமர்த்துவது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைத்தால் அதைவிடத் தப்பு வேறில்லை. சுமார் 2,000 ஆண்டுக்கு முன்பே இந்தத் தொழிலுக்கு நம்மிடம் சம்பளப் பட்டியல் இருந்தது தெரியுமா?

பதிற்றுப்பத்தைப் புரட்டுங்கள். சேர அரசர் பத்துப் பேரைப் பத்துப் புலவர்கள் பப்பத்துப் பாட்டாகப் பாடிய நூல். முதல் பத்தும் கடைசிப் பத்தும் தொலைந்துபோய், எட்டுப் பத்து கைக்கு வந்தது. ஒவ்வொரு பத்தின் முடிவிலும் பதிகம் என்று ஒன்று இருக்கிறது. யார் பாடினார், யாரைப் பாடினார் என்பதோடு நிற்காமல், பாடியவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதி வைத்திருக்கிறது! இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பாடிய குமட்டூர்க் கண்ணனாருக்கு உம்பற்காட்டில் 500 ஊர், அதோடு தென்னாட்டு வருவாயில் 38 ஆண்டுக்குப் பங்கு. இன்றைக்கு எந்தப் பதிப்பாளர் 38 வருடம் ராயல்டி ஒழுங்காகக் கொடுக்கிறார் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காப்பியாற்றுக் காப்பியனாருக்கு 40 நூறாயிரம் பொன், அதாவது 40 லட்சம்! பரணருக்குக் காட்டு வருவாயோடு அரசன் தன் மகனையே கொடுத்தான். பாலைக் கௌதமனார் வேறு மாதிரி. பொன்னும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், நானும் என் மனைவியும் சொர்க்கம் போகவேண்டும் என்றாராம். அரசன் பத்து வேள்வி நடத்தினான். பத்தாவது வேள்வியில் இருவரையும் காணோம் என்கிறது பதிகம்!

பெண் எழுத்தாளரும் இந்தப் பட்டியலில் உண்டு. காக்கைபாடினியார் நச்செள்ளையார். நகை செய்துகொள்ள ஒன்பது கா பொன் (கா என்பது அந்தக் கால நிறையளவு), ரொக்கமாக ஒரு லட்சம் காணம் (காணம் என்பது அந்தக் காலப் பொற்காசு), அரசன் பக்கத்திலேயே இருக்கை. அரிசில் கிழார் பாட்டைக் கேட்ட பெருஞ்சேரல் இரும்பொறை என்ன செய்தான் தெரியுமா? மனைவியோடு அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்று, உள்ளே இருப்பதெல்லாம் உனக்கு, சிங்காதனமும் உனக்கு என்றான். 9 லட்சம் காணம் தனி. புலவர் சிங்காதனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சுப் பதவியை வாங்கிக்கொண்டார். புத்திசாலி. அரசன் மாறினால் சிங்காதனம் போகும், அமைச்சர் எந்த ஆட்சியிலும் பிழைத்துக்கொள்வார்.

கபிலருக்குக் கிடைத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. செல்வக்கடுங்கோ வாழியாதன் ஒரு லட்சம் காணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நன்றா என்ற குன்றின்மேல் ஏறி நின்று, கண்ணுக்குத் தெரிந்த நாட்டையெல்லாம் காட்டி, அதுவும் உனக்கே என்றானாம். ஒரு பார்வை, அவ்வளவுதான் பத்திரம்!

சம்பளப் பாக்கிக் கதையும் உண்டு. ஒன்பதாம் பத்தைப் பாடிய பெருங்குன்றூர் கிழாருக்கு 32,000 காணம், அதோடு வீடும் நிலமும் அவருக்கே தெரியாமல் ஏற்பாடாயின என்று பதிகம் பெருமையடிக்கிறது. அதே பெருங்குன்றூர் கிழார் புறநானூற்றில் ஒரு சேரமான் இரும்பொறையிடம், பரிசில் தராமல் இழுத்தடிக்கிறாய் என்று நெஞ்சு வெந்து பாடியிருக்கிறார். இரண்டு இரும்பொறையும் ஒருவனே என்பாரும் உண்டு. அப்படியானால் பில் பாஸ் ஆகக் கொஞ்சம் தாமதம் ஆகியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

சோழர் காலத்தில் இந்தத் தொழில் இன்னும் நேர்த்தியாயிற்று. முதலாம் ராசராசன் தன் வெற்றிகளை மெய்க்கீர்த்தியாகக் கட்டி, ஊர் ஊருக்குக் கல்வெட்டின் தலைப்பில் வெட்டவைத்தான். ஆட்சியாண்டு ஏற ஏறப் புது வெற்றிகள் சேர்ந்து மெய்க்கீர்த்தி நீண்டுகொண்டே போகும், திருத்திய பதிப்பு மாதிரி! அவன் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டானே, அது மெய்க்கீர்த்தியில் இருக்கிறதா? மூச்! கொலையாளிகளின் சொத்தைப் பறித்த செய்தி உடையார்குடிக் கல்வெட்டில், அரசாங்க உத்தரவாகக் கிடக்கிறது. வரலாறு எழுதுகிறவனுக்கு வேண்டியது எப்போதும் இப்படிப் பின்கட்டில்தான் அகப்படும். ஒட்டக்கூத்தரோ விக்கிரம சோழன், அவன் மகன் இரண்டாம் குலோத்துங்கன், அவன் மகன் இரண்டாம் ராசராசன் என்று தாத்தா, மகன், பேரன் மூவருக்கும் உலாப் பாடினார். ஒரே எழுத்தாளர், மூன்று ஆட்சி. இதை எந்த அரசியல் விமர்சகரும் இதுவரை முறியடிக்கவில்லை.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்று. இந்தப் பக்கத்து உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், பெயர் வேண்டாம், மணிவிழா மலருக்குத் தன் வரலாறு வேண்டும் என்று ஆள் அனுப்பினார். போனேன். காப்பி வந்தது, காராச்சேவு வந்தது. "தம்பி, ஜெயிலுக்குப் போன விசயத்தைக் கொஞ்சம் விரிவா எழுதணும்" என்றார். எந்த ஜெயில் அண்ணாச்சி, எத்தனை மாசம் என்று பேனாவைத் திறந்தேன். மறியலில் கைதாகி, காலையில் கல்யாண மண்டபத்தில் அடைத்து, மத்தியானம் தக்காளிச் சாதம் கொடுத்து, பொழுது சாயும்போது விட்டுவிட்டார்களாம். "சிறை சென்ற செம்மல்" என்று அத்தியாயத்துக்குத் தலைப்புப் போட்டேன். எனக்குக் கிடைத்தது ஒரு சால்வையும் பேருந்துக் கட்டணமும். உம்பற்காட்டு ஊர் ஒன்றுகூட இல்லை.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டில் ஆகப் பெரிய சர்ச்சைக்குரிய தலைவர் யார்? பெரியார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அவருக்கு வரலாறு எழுதியவர் யார் தெரியுமா? சாமி சிதம்பரனார். நூலின் பெயர் 'தமிழர் தலைவர்', வெளிவந்தது 1939. அந்த வருடத்தைக் கவனியுங்கள். இந்தி எதிர்ப்புப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. 1938 கடைசியில் பெரியார் சிறைக்குப் போனார், சிறையில் இருந்தபடியே நீதிக்கட்சித் தலைவரானார், 1939 மே மாதம்தான் வெளியே வந்தார். அந்தச் சூட்டில் வந்த புத்தகம். எழுதியவர் வெளியாள் இல்லை. சுயமரியாதை இயக்கத்துக்காரர், முறையாகத் தமிழ் படித்த புலவர், சொன்னதைச் செய்து காட்டக் கைம்பெண்ணை மணந்தவர். பின்னால் பொதுவுடைமைப் பக்கம் போய், சங்க இலக்கியத்தைப் பற்றியே நிறைய எழுதினார். நூல் 1939ல் முடிந்துவிடுகிறது. கதாநாயகர் அதற்குப் பிறகும் 34 ஆண்டு, 1973 டிசம்பர் வரை, சூறாவளியாகச் சுற்றினார்! திராவிடர் கழகம் பிறந்தது, பிள்ளையார் உடைந்தது, அண்ணா பிரிந்தது, சட்டப் பிரதியை எரித்தது எல்லாம் அந்தப் புத்தகத்துக்குப் பிறகு. சூடாக எழுதும் வரலாற்றில் இது ஒரு பேஜார். நாயகர் சொன்னபடி நிற்பதில்லை.

சென்னைப் பதிப்பாளர் ஒருவர் வெளியிட்ட இன்னொரு வரலாற்றின் கதை இதைவிட அதிசயம். 1926ல் பி.ஜி. பால் கம்பெனி 'பாரிஸ்டர் சாவர்க்கரின் வாழ்க்கை' என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் போட்டது. ஆசிரியர் பெயர் சித்திரகுப்தன். நாயகனின் வீரத்தையும் துணிச்சலையும் அந்தச் சித்திரகுப்தன் வாயாரப் புகழ்ந்திருந்தார். யார் இந்தச் சித்திரகுப்தன் என்பது வெகுகாலம் மர்மம். 1987ல் மறுபதிப்பு வந்தபோது முன்னுரையில் சாவர்க்கர் தரப்புப் பதிப்பகமே உடைத்துச் சொல்லிவிட்டது. சித்திரகுப்தன் வேறு யாருமில்லை, சாவர்க்கரேதான்! எழுத்தாளருக்குக் கூலி மிச்சம்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நேரு. 1937 நவம்பரில் கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' பத்திரிகையில் 'ராஷ்டிரபதி' என்ற கட்டுரை வந்தது. கையெழுத்து: சாணக்கியன். இந்த ஜவாஹர்லாலுக்குக் கர்வம் ஏறிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் திரும்பினால் சர்வாதிகாரியாகிவிடுவார், மூன்றாம் முறை தலைவராக்காதீர்கள் என்று கிழிகிழியென்று கிழித்தது. எழுதியவர் நேருவே! சித்திரகுப்தனும் சாணக்கியனும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்போல இருக்கிறார்கள், பாருங்கள்.

நேருவின் காகிதங்களை முறையாகத் திறந்துகொடுத்து எழுதவைத்த வரலாறு பிறகு வந்தது. அதை எழுதியவர் நம் சென்னையில் பிறந்தவர் என்பது தெரியுமா? சர்வபள்ளி கோபால், குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனின் மகன். இந்திரா காந்தி அனுமதி கொடுத்துக் காகிதங்கள் அவர் கைக்கு வந்தன. 1975, 1979, 1984 என்று மூன்று பாகம். முதல் பாகம் வந்த வருடம் எந்த வருடம் என்று பார்த்தீர்களா? நெருக்கடி நிலை வந்த வருடம்!

கடலுக்கு அப்பால் போனால் மூச்சு வாங்குகிறது. ஸ்டாலினின் அதிகாரபூர்வக் 'குறுவரலாறு' அச்சுக்குப் போகுமுன் யார் திருத்தினார்? ஸ்டாலினே. 1956 பிப்ரவரியில் குருஷ்சேவ் ரகசியக் கூட்டத்தில் அந்தத் திருத்தங்களைப் படித்துக் காட்டினார். புகழ் போதாத இடங்களில் தலைவர் தன் கையாலேயே புகழைச் சேர்த்திருந்தார். உச்சம் எது தெரியுமா? தற்பெருமை, கர்வம், சுயபுகழ்ச்சி இவற்றின் நிழல்கூடத் தன் மீது படியவில்லை என்ற வாக்கியம். அதையும் அவரேதான் சேர்த்தார்! இளம் ஸ்டாலினைப் பற்றி 'பாதூம்' என்று நாடகம் எழுதிய புல்ககோவின் பாடு பரிதாபம். 1939 ஆகஸ்டில், கதை நடந்த ஊரைப் பார்த்துவர ரயில் ஏறினார். சில மணி நேரத்தில் வழியிலேயே தந்தி வந்து நின்றது: பயணம் வேண்டாம், திரும்பி வா. நாடகம் மேடையேறவே இல்லை. அடுத்த மார்ச்சில் அவர் இறந்துபோனார். புகழ்ந்து எழுதினாலும் தலைவருக்குப் பிடிக்கவேண்டுமே.

அமெரிக்காவில் 1985ல் எட்மண்ட் மோரிஸ் என்பவரை அதிபர் ரீகனுக்கு அதிகாரபூர்வ வரலாற்றாசிரியராக அமர்த்தினார்கள். புலிட்சர் பரிசு வாங்கியவர். பதிப்பகம் கொடுத்த ஒப்பந்தம் 30 லட்சம் டாலர். வெள்ளை மாளிகைக்குள் போகலாம், வரலாம், அதிபரோடு உட்கார்ந்து பேசலாம். ஒரு வருடம் போயிற்று, ஐந்து வருடம் போயிற்று, ரீகனே பதவியை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார், புத்தகம் வரவில்லை! இந்த மனிதருக்குள் என்ன இருக்கிறது என்று தனக்குப் பிடிபடவே இல்லை என்று மோரிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார். 14 ஆண்டு கழித்து 1999ல் 'டச்' வந்தது. திறந்து பார்த்தால் வரலாற்றுக்குள்ளே எட்மண்ட் மோரிஸ் என்ற கற்பனைப் பாத்திரம், ரீகனின் இளமைக் காலத்திலிருந்தே கூட நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது! நிஜ மோரிஸ் பிறந்ததோ 1940ல். கூலி கொடுத்து வரலாறு கேட்டார்கள், பாதி நாவல் வந்து சேர்ந்தது. ஊரே சண்டை போட்டது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியாத தலைவர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

இங்கிலாந்தில் மார்கரெட் தாட்சர் கெட்டிக்காரத்தனமாக ஒப்பந்தம் போட்டார். சார்லஸ் மூர் எழுதலாம், எதையும் பார்க்கலாம், ஆனால் நான் கையெழுத்துப் பிரதியைப் படிக்கமாட்டேன், நான் உயிரோடு இருக்கும்வரை புத்தகம் வரக்கூடாது. 2013 ஏப்ரல் 8ல் அவர் இறந்தார். முதல் பாகம் அதே ஏப்ரலில் கடைக்கு வந்தது! டொனால்டு டிரம்பின் பெயரில் 1987ல் வந்த 'டீல்' புத்தகத்தை எழுதிய டோனி ஷ்வார்ட்ஸ், முன்பணத்திலும் ராயல்டியிலும் சரிபாதி வாங்கினார். 2016ல், நாயகர் அதிபர் தேர்தலில் நின்றபோது, எழுதியதற்காக மனம் நொந்து பேட்டி கொடுத்தார். ஜூலியன் அசாஞ்சேவுக்கு எழுதப்போன ஆண்ட்ரூ ஓஹேகனின் கதை முரணிலும் முரண். நாயகர் பின்வாங்கினார், பதிப்பகம் 2011ல் அதை அச்சிட்டே தீர்ந்தது. அட்டையில் போட்ட தலைப்பு 'அனுமதி இல்லாத தன்வரலாறு'. தன்வரலாறு, அதில் தனக்கே அனுமதி இல்லை!

ராபர்ட் ஹாரிஸ் இந்தத் தொழிலையே 2007ல் திகில் நாவலாக்கினார். முன்னாள் பிரதமர் ஒருவருக்கு நினைவுக் குறிப்பு எழுதப்போகும் கோஸ்ட் ரைட்டர், முந்தைய எழுத்தாளர் எப்படிச் செத்தார் என்று தேடுகிற கதை. அதைப் படமாக்கிய ரோமன் போலான்ஸ்கி அமெரிக்காவுக்குள் கால் வைத்தால் கைது. ஆகவே அமெரிக்கத் தீவை ஜெர்மனியில் 'செட்' போட்டார். எடிட்டிங் நடக்கும்போது ஸ்விட்சர்லாந்தில் கைதாகிவிட்டார்.

சரி, அனுமதி இல்லாமல் ஒருவர் கதையை எழுதலாமா? இந்தியாவில் அதற்கான சட்டத்தை எழுதவைத்தது ஒரு தமிழ் வாரப் பத்திரிகை, ஒரு தூக்குத் தண்டனைக் கைதி! ஆட்டோ சங்கர் சிறையில் 300 பக்கம் தன் கதை எழுதி, அது நக்கீரனுக்கு வந்தது. போலீஸ் அதிகாரிகள் யார் யார் தன்னோடு கூட்டு என்றெல்லாம் அதில் இருந்ததாகப் பேச்சு. போடக்கூடாது என்று சிறைத்துறைத் தலைவர் கடிதம் அனுப்பினார். வழக்கு டெல்லிக்குப் போயிற்று. 1994 அக்டோபர் 7ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பொது ஆவணங்களில் உள்ளதை வைத்து ஒருவர் கதையை அவர் சம்மதமில்லாமலும் வெளியிடலாம். அதற்கு மேலே போய் அந்தரங்கத்தில் கைவைத்தால், பின்னால் வழக்கைச் சந்திக்க வேண்டும். அச்சுக்கு முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது. இன்றைக்கும் எந்தத் தலைவரின் வரலாற்றுப் புத்தகம் நீதிமன்றப் படி ஏறினாலும் வக்கீல்கள் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

எடுத்தும் பயனில்லாத நேரம் உண்டு. இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பின் ஆசிரியராக இருந்த வாஸந்தி, ஜெயலலிதாவின் வரலாற்றைப் பென்குயினுக்காக ஆங்கிலத்தில் எழுதினார். வெளிவரும் தறுவாயில் ஜெயலலிதா நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிட்டார். 2016ல் வேறு பதிப்பகத்தில் சற்றுச் சிறிய நூல் ஒன்று, 2020ல் பென்குயினிலேயே இன்னொன்று என்று சுற்றிவந்துதான் வாஸந்தி கரையேறினார். அதே 2020ல் கருணாநிதி வரலாற்றையும் எழுதினார். ஜெயலலிதா தன்னைப் பற்றி மனம்விட்டுப் பேசியதாக இன்றும் சனம் தேடிப் பார்ப்பது 1999ல் சிமி கரேவாலுக்குக் கொடுத்த தொலைக்காட்சிப் பேட்டியை. சிரித்தார், இந்திப் பாட்டுக்கூடப் பாடினார். 1989ல் போடிநாயக்கனூர்க்காரர்களும், 2002 இடைத்தேர்தலிலும் 2006லும் ஆண்டிபட்டிக்காரர்களும் ஓட்டுப் போட்ட அதே ஆள்தானா என்று நம்பமுடியாது.

இங்கே வரலாறு எழுத ஆள் வைக்காததற்குக் காரணம் ஒன்று எனக்குப் புலப்படுகிறது. நம் தலைவர்கள் பேனாவோடுதான் அரசியலுக்கே வந்தார்கள். கருணாநிதி தன் கதையைத் தானே 'நெஞ்சுக்கு நீதி' என்று ஆறு பாகம் எழுதிவிட்டார். எம்.ஜி.ஆர். 'நான் ஏன் பிறந்தேன்' என்று ஆனந்த விகடனில் வாராவாரம் சொன்னார். பேனா நாயகர் கையிலேயே இருக்கும்போது எழுத்தாளருக்கு என்ன வேலை?

வருசநாட்டுக்கும் ஒரு வரலாறு கிடைத்தது. வடவீர பொன்னையா எழுதிய 'வருசநாட்டு ஜமீன் கதை', கண்டமனூர் ஜமீனைப் பற்றியது. ஜமீன் அமர்த்தி எழுதவைத்ததில்லை, ஜமீன் போனபின் வந்தது. இந்தப் பக்கத்துத் திண்ணைகளில் பேச உட்கார்ந்தால் ஜமீன் கதை தானாக எம்.ஜி.ஆர். கதையில் போய் நிற்கும். அங்கிருந்து முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் கதைக்குத் தாவும். சொத்தை விற்று அணை கட்டினார் என்பார்கள். எந்த ஆவணத்தில் இருக்கிறது என்று கேட்டால் அடி விழும்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகிற பாதையில் ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்திக் கீழே பார்த்தால், கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் நெல்லும் வாழையும் திராட்சைப் பந்தலுமாகக் காலடியில் விரிந்து கிடக்கும். ஒவ்வொரு தடவையும் கபிலர் ஞாபகம் வரும். இன்றைக்கு ஒரு தலைவர் தன் வரலாற்றை எழுதிக்கொடுத்த எழுத்தாளரை மேகமலை உச்சிக்குக் கூட்டிப்போய், கண்ணுக்கெட்டியதெல்லாம் உனக்கே என்று கையை நீட்டினால் என்ன ஆகும்? 2021 முதல் அது புலிகள் காப்பகம். ஆறு மணிக்கு மேல் அங்கே என்ன வேலை என்று பாரஸ்டர் வந்து நிற்பார்.